பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய டயர்கள்

கள்ளிவிளையில் பாக்கியதுரையின் வெள்ளைக் காருக்குத் தகரக் கொட்டகைக்குள் நின்ற இடத்தில் நின்றபடியே டயர் தேயத் தொடங்கியது, காற்று ஓய்ந்து, ஊரைச் சுற்றியுள்ள காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றாமல் கைவிரித்து நின்ற ஓர் ஐப்பசி மாதத்தில். அப்போது அவன் கடலுக்கு அந்தப் பக்கம் போய் ஏழு மாதமும், அவனிடமிருந்து போன் வருவது நின்று இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

பதினாலு வருடம் ஜங்ஷன் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினவன் அவன். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையையும், ஆஸ்பத்திரிக்கு வலியெடுத்த பெண்களையும், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வளைகுடா போகிறவர்களையும் ஏற்றிப் போய், அழுதுகொண்டு இறங்குகிறவர்களுக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வண்டியோடு அதே ரோட்டில் திரும்பி வந்து வந்து, ஒருநாள் அவனும் அந்த வாசலில் பெட்டியோடு இறங்கி உள்ளே போனான். போவதற்கு முந்தின வாரம் ஜங்ஷனில் வேலாயுதம் அண்ணாச்சி கடையில் நாலு டயரும் புதுசாக மாட்டி, வீடு வரைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, சாவியையும், எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு முன்னால் டயர் மேலுள்ள பட்டன் தேய்ந்தால் கம்பெனி பொறுப்பு என்று அச்சடித்த வாரண்டி அட்டையையும் மனைவி ஞானசுந்தரியின் கையில் கொடுத்தான்.

"ரெண்டே வருசம். வந்து இதே வண்டியத்தான் ஓட்டப்போறேன். சனிக்கெழமைக்குச் சனிக்கெழம காத்து மட்டும் அடிச்சுப் போடு. காத்தில்லாம நின்னா டயரு செத்துப்போவும்."

அங்கே பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டினான். ஐந்தாவது மாதம் அவனுடைய முதலாளி, அங்கே ஒன்றாகத் தங்கியிருந்த பதினெட்டுப் பேருடைய பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். அதைச் சொல்லத்தான் பாக்கியதுரை கடைசியாகப் போன் பண்ணினான்.

"பிளேன்ல ஏத்த மாட்டாவளாம். கையில தாளு ஒண்ணும் இல்லல்லா. ஆனா ரோடு இருக்கு சுந்தரி. பதினாலு வருசம் ரோட்டுலதான கெடந்தேன். ரோட்டுலயே வந்துருதேன்."

"ரோட்டுலயா? எந்த வண்டியில வருவிய?"

"நம்ம வண்டியிலதான்," என்றான் அவன். அவள் சிரித்தாள், அவன் சிரித்தானா என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள், எம்.பி. வீட்டு வாசலில் நின்றாள், தூதரகத்துக்கு ஒரு நண்பர் எழுதிக்கொடுத்த ஆங்கிலக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள், பதில் வர வேண்டிய நாளெல்லாம் பதில் இல்லாமலே வந்து போயின. சனிக்கிழமை தவறாமல் கால் பம்பை மிதித்து நாலு சக்கரத்துக்கும் காற்று அடித்தாள். அப்படி அடிக்க உட்கார்ந்த ஒரு சனிக்கிழமைதான், சக்கரங்களைச் சுற்றி சிமெண்டுத் தரையில் எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவியதுபோலக் கருப்பாகப் பொடி கிடந்ததைப் பார்த்தாள். பெருக்கித் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்து பார்த்தால் மறுபடியும் கிடந்தது.

பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சேர்மக்கனியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு டயராகத் தடவினான். பட்டன் இடுக்கில் சிக்கியிருந்த ஒரு கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"மைனி, வண்டிய யாரும் எடுத்தாவளா?"

"சாவி என் கழுத்துலல்லா கெடக்கு."

கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தான். டயர் மாட்டின அன்று அட்டையில் எழுதியிருந்ததைவிடப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கூடுதலாக இருந்தது. கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தான். நீலம் ஓடிய சின்னக் கல். செம்மணல் மேடுகளான தேரியும் சுண்ணாம்புக் கல்லும் தவிர வேறு எதுவும் இல்லாத அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"இது நம்மூரு கல்லு இல்ல மைனி. அண்ணன் கெளம்பிட்டாவ," என்றான் சேர்மக்கனி, பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்வதுபோல.

கள்ளிவிளைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்கவில்லை. சொன்னானே, நம்ம வண்டியிலதான் வருவேன் என்று, அப்படியே வருகிறான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரயாணப்படுகிறவர்களுக்காகச் செய்யும் ஜெபத்தில் கோவில் உபதேசியார் அவன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஊருக்குள் நுழையும் இடத்தில் பஞ்சாயத்துப் போட்டிருந்த வேகத்தடையை, அவ்வளவு தூரம் வந்தவன் வாசலுக்கு வந்து குலுங்க வேண்டாம் என்று நாலு பேர் கடப்பாரையோடு போய்ப் பெயர்த்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மட்டும்தான் குறைபட்டாள், அவளுக்கும் குறை துணியைப் பற்றித்தான்: "மைனி, பொடி பறந்து வெள்ளையெல்லாம் கருத்துப்போவுது. துணி காயப்போட்டிருக்கைல கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

சொல்ல வழியிருந்தால் ஞானசுந்தரி வேறு எவ்வளவோ சொல்லியிருப்பாள்.

உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் எடுக்கிற லீலாவதி டீச்சர் சாயங்காலம் சாயங்காலம் வரைபடப் புத்தகத்தோடு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். சேர்மக்கனி வேலாயுதம் அண்ணாச்சி கடையிலிருந்து ஆழம் பார்க்கிற கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். புது டயரில் எட்டு மில்லிமீட்டர் பட்டன், அது ஒன்றரைக்கு இறங்கினால் டயர் முடிந்தது, இடையில் இருப்பது எண்பதாயிரம் கிலோமீட்டர். அவன் அளந்து சொல்ல டீச்சர் கணக்குப் போட்டு, விரலைப் படத்தில் நகர்த்தினாள். பாலைவனத்திலிருந்து கள்ளிவிளைக்கு ரோட்டுவழி ஆறாயிரம், மிஞ்சிப்போனால் ஏழாயிரம் கிலோமீட்டர் என்று கண்டார்கள். அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆள் வந்துவிடுவான் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது.

கிறிஸ்துமசுக்கு முந்தின வியாழக்கிழமை அரை மில்லிமீட்டர் தேய்ந்து முடிந்தது. ஞானசுந்தரி வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தாள். அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டைப் பொரித்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள், ஊரே வாசலில் நின்றது, ரோட்டில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எட்டிப் பார்த்தது. காற்றாலைக்கு ஆள் ஏற்றிவந்த ஜீப்பும் மீன் ஏற்றிப்போகும் வேனும் பள்ளிக்கூட பஸ்ஸும் போயின. மறுநாள் காலையில் டயரைச் சுற்றிப் பொடி கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது.

"இந்த நாட்டு எல்லையில விட்டிருக்க மாட்டாங்க," என்றாள் டீச்சர், படத்தில் ஒரு நாட்டைத் தொட்டு. "அப்ப மேல சுத்தித்தான் வரணும்." அவள் விரல் மேலே போயிற்று, அங்கே சண்டை நடக்கிற நாடு இருந்தது, இன்னும் மேலே போயிற்று, அங்கே பனி. தை பிறந்தபோது அவன் ஓடிய தூரம் இரண்டு தடவை வந்து சேருகிற தூரமாக இருந்தது. மாசியில் படத்தில் உள்ள எந்த ரோட்டையும்விட நீளமாகிவிட்டது. ஒருநாள் டீச்சர் புத்தகம் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கொண்டுவரவே இல்லை.

சேர்மக்கனிதான் விடாமல் டயரைப் படித்தான். ஓரம் தேய்ந்தால் காற்றுக் குறைந்த வண்டி, நடு தேய்ந்தால் காற்று மிகுந்த வண்டி, உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் பள்ளத்தில் இறங்கி அலைன்மெண்ட் போன வண்டி, மேடும் குழியுமாகத் தேய்ந்தால் அடிக்கடி பிரேக்கைப் போட்டுப் போட்டு ஓட்டுகிற வண்டி என்று அவனுக்குக் கைவிரல் சொல்லும். "பயந்து ஓட்டுதாவ," என்பான். "கல்லு ரோடு." "இந்த வாரம் மழ." பட்டனிலிருந்து அவன் நெம்பி எடுத்த கற்களில் வெள்ளையும் இருந்தது, பச்சையும் இருந்தது, ஒரு தடவை உப்புக் கட்டி இருந்தது. இன்னொன்றையும் அவன்தான் கண்டான்: உச்சிவெயிலில், பன்னிரண்டு மணிக்குமேல் ஒன்றேமுக்கால் வரை பொடி விழுவதில்லை. "வண்டிய ஓரங்கட்டிட்டு சாப்புடுதாவ மைனி. சாப்பிட்டுட்டுச் செத்த நேரம் படுப்பாவ. ஸ்டாண்டுலயும் அதான பழக்கம்." அன்றிலிருந்து ஞானசுந்தரி பன்னிரண்டு மணிக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பங்குனி மாதம், கடற்கரைக் குப்பத்திலிருந்து அமலோற்பவம் வந்தாள். ஐந்து வருடத்துக்கு முந்திய புயலில் கடலுக்குப் போன அவள் மகன் ரீகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சேலை முந்தானையில் சுற்றியிருந்த அவன் போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"ஒம் மாப்ள வாற வழியில எம் மவன் நின்னா ஏத்திக்கிட்டு வரட்டும் தாயி. இத வண்டிக்குள்ள வச்சிரு, அடையாளத்துக்கு."

"அவிய ரோட்டுலல்லா வாராவ அக்கா. உங்க மவன் கடல்லல்லா..."

"எங்கயாவது கரையில ஒதுங்கியிருப்பான்லா," என்றாள் அமலோற்பவம். "கரையில ஒதுங்குனவன் ரோட்டுக்குத்தான வரணும்."

ஞானசுந்தரி கதவைத் திறந்துவிட்டாள். அமலோற்பவம் பின்சீட்டில் இடதுபக்க ஜன்னலோரம் போட்டோவைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் மாற்றுச் சட்டை ஒன்றும் வைத்தாள். எட்டு நாள் கழித்து அளந்தபோது பின்பக்கத்து இடது டயர் மற்ற மூன்றையும்விடக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சேர்மக்கனி இரண்டு தடவை அளந்தான். "ஆள் ஏறியிருக்கு," என்றான். அமலோற்பவம் தரையில் உட்கார்ந்து அந்த டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யாரைத் தடுக்க முடியும்? மலேசியாவுக்குப் போய்க் கடிதம் எழுதாமலே போன அண்ணனுக்காக வந்தார்கள், பம்பாய்க்கு மிட்டாய்க்கடை வேலைக்குப் போன தகப்பனுக்காக வந்தார்கள், நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி நடந்துபோன பெண்ணுக்காக வந்தார்கள். இத்தனை பேர் காணாமல் போயிருக்கிறார்கள் என்று அதற்குமுன் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பின்சீட்டிலும் டிக்கியிலும் போட்டோக்கள், முறுக்கு டின், போர்வை, மருந்து. பின்பக்க டயர்கள் இரண்டும் பட்டனே இல்லாமல் வழுக்கையாயின. வைகாசியில் ஒரு சனிக்கிழமை ஞானசுந்தரி பம்பை மிதித்தபோது பின்பக்கத்து இடது டயரில் ரப்பர் கிழிந்து உள்ளே இருக்கும் கம்பி பளபளவென்று தெரிந்தது.

சேர்மக்கனி அதைத் தொட்டுப் பார்த்தான். "மைனி, இனி இது நிக்காது. வெடிச்சிரும். ஓட்டத்துல வெடிச்சா..."

"சொல்லாத," என்றாள் அவள்.

புது டயர் வாங்க அவளுக்கு வழியில்லை. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு வேலாயுதம் அண்ணாச்சி கடைக்குப் போனாள். அண்ணாச்சி நல்ல மனிதர், ஊர்க்கதை தெரிந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"பன்னெண்டு கிலோமீட்டர்ல மொட்டையாயிருக்கு. எண்பதாயிரத்துக்குச் சொன்னது. தாளுல பாத்தா இத மாதிரி ஒரு கிளைம் என் கடையிலயே வந்ததில்ல தாயி. ஆனா கம்பெனிக்காரன் நம்பணுமே."

கம்பெனி நம்பவில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை டயர்களை முன்பின் மாற்றிப் போட்டதற்கு ரசீது இல்லை என்று முதல் கடிதம் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு எப்படி ரசீது இருக்கும் என்று அண்ணாச்சி எழுதினார். மீட்டரைத் திருத்தியிருப்பதாகச் சந்தேகம் என்று இரண்டாவது கடிதம் வந்தது. ஞானசுந்தரி மதுரைக்குப் பஸ் ஏறி, கம்பெனியின் வட்டார ஆபீசில் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்து, நாலு மணிக்கு உள்ளே கூப்பிட்ட அதிகாரியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "வண்டி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பதுதான். அவள் அழுதது அந்த இடத்தில்தான். அதுவரை வேறு யார் முன்னாலும் அவள் அழவில்லை.

அவர் பெயர் பத்மநாபன். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கேஜ் குத்தியிருப்பவர், முப்பது வருடமாகத் தேய்ந்த டயர்களைப் பார்த்து இது ஓட்டினவன் குற்றமா செய்தவன் குற்றமா என்று எழுதிக் கொடுப்பவர். அடுத்த வாரம் அவரே கள்ளிவிளைக்கு வந்தார். சாவியை வாங்கிப் பூட்டி, சக்கரங்களுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, காலையிலிருந்து மாலை வரை காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சக்கரம் அசையவில்லை, கோடு அழியவில்லை. அவர் பாலிஷ் போட்ட செருப்புமேல் கருப்புப் பொடி படிந்தது. பன்னிரண்டு மணிக்குப் பொடி நின்றபோது அவரும் சாப்பிடப் போனார். ஆறு மணிக்கு அளந்து, படிவத்தை எடுத்து, தேய்மானத்துக்குக் காரணம் என்ற கட்டத்துக்கு எதிரில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு 'உற்பத்திக் குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாலு டயரும் புதுசு வந்துரும்மா. அடுத்த வாரம் நானே வந்து மாட்டிக் கொடுக்கிறேன்." படிவத்தை மடித்துக்கொண்டே சொன்னார். "பழைய நாலையும் நாங்க எடுத்துக்குவோம். மறுபடி யாரும் ஓட்டிறக் கூடாதுன்னு அங்கேயே, உங்க முன்னாலேயே வெட்டணும். அது விதி."

"வெட்டணுமா?"

"வெட்டாம விட்டா கிளைம் செல்லாது. என்னால முடிஞ்சா..." என்றபடி பேனாவைச் சட்டைப் பையில் குத்தினார்.

அந்த ஒரு வாரம் ஊர் இரண்டாகப் பேசியது. அவன் ஓடுகிறது இந்த டயரில்தான், இதைக் கழற்றினால் எதில் ஓடுவான் என்றார்கள். ஓடுகிறது வண்டி, டயர் எதுவானால் என்ன, வழியில் டயர் மாற்றாத டிரைவர் உண்டா என்றார்கள். ஒரு டயரை மட்டும் மாற்றிப் பார்ப்போமே என்றான் சேர்மக்கனி. நாலையும் ஒரே நேரத்தில்தான் எடுக்க முடியும் என்று கம்பெனியில் போனில் சொல்லிவிட்டார்கள். ஞானசுந்தரி கொட்டகைக்குள் உட்கார்ந்து அந்தக் கம்பியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஒரு கம்பியாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை மூன்றாக ஆயிருந்தது. திங்கட்கிழமை அமலோற்பவத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க மவனும் இருக்கான்லா அக்கா. நீங்க சொல்லுங்க. மாத்தவா, வேண்டாமா?"

அமலோற்பவம் கம்பியை விரலால் தடவினாள். விரல் நுனியில் ரத்தம் வந்தது. "மாத்து," என்றாள்.

நேரத்தைக் குறித்தது சேர்மக்கனி. பாக்கியதுரை சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் ஆரம்பித்தால் எழுந்திருப்பதற்குள் முடித்துவிடலாம். புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்குப் பொடி நின்றது. ஜாக்கியை வைத்தார்கள். ஊர் முழுவதும் சத்தம் போடாமல் நின்றது. நட்டைக் கழற்றுகிற ஸ்பானர் சத்தம்கூட அதிகம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேர்மக்கனியும் கம்பெனி மெக்கானிக்கும் வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். நாற்பது நிமிடத்தில் புது டயர் நாலும் ஏறி, காற்று அடித்து, நட்டு இறுக்கி, ஜாக்கியை இறக்கி, வண்டி பழையபடி நின்றது. பத்மநாபன் பழைய டயர்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து, பையிலிருந்து வளைந்த கத்தியை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் ஒரு முழ நீளத்துக்கு இழுக்கத் தொடங்கினார். மூன்றாவதோடு கத்தியை நிறுத்தினார். நாலாவதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார்.

ஒன்றேமுக்கால் ஆயிற்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டு மணி ஆயிற்று. அசதியில் அன்றைக்குக் கூடுதலாகப் படுத்திருப்பான் என்றார் உபதேசியார். மூன்று மணிக்கு லாரி பழைய டயர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஐந்து மணிக்கு ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மறுநாள் காலையில் பெருக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை.

புது டயரின்மேல் பூனை மீசைபோல மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நாலு நாள் ஓடினால் உதிர்ந்துவிடுகிறவை. ஞானசுந்தரி தினமும் அவற்றை ஒரு விரலால் வருடிப் பார்த்தாள். ஆனி போய் ஆடி வந்து, காற்றாலைகள் வெறிபிடித்ததுபோலச் சுற்றத் தொடங்கி, தேரியின் செம்மண் பறந்து கொட்டகைக்குள் புகுந்து காரையே சிவப்பாக்கியது. அவள் துடைத்துவிட்டுப் பார்த்தால் கருப்பு முடிகள் அப்படி அப்படியே நின்றன.

சேர்மக்கனி கேஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அந்தப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டான். யாரும் முதலில் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மலேசியா அண்ணனுக்காக வந்தவள்தான் முதலில் வந்து போட்டோவைக் கேட்டாள், வீட்டில் வேறு படம் இல்லை என்றாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், சிலர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள், சிலர் முறுக்கு டின்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெயர்த்த இடத்தில் பஞ்சாயத்து மறுபடி வேகத்தடை போட்டது.

கடைசியாக அமலோற்பவம் வந்தாள். ஞானசுந்தரி பின்கதவைத் திறந்து ரீகனின் போட்டோவை எடுத்துத் துடைத்து நீட்டினாள். அமலோற்பவம் வாங்கவில்லை.

"சாப்புட எறங்கியிருப்பாவ ரெண்டு பேரும்," என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "எங்கயோ ஒரு மரத்தடியில. சாப்பிட்டுக் கைகழுவிட்டு வந்து பாத்தா வண்டிக்கு டயரு இருந்திருக்காது. என்ன செய்வாவ தாயி அந்த ஊருல? யாருகிட்ட கேப்பாவ?"

"நீங்கதான மாத்தச் சொன்னிய?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் அமலோற்பவம். "ஒன்னய நான் கொற சொல்லல. ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம்." காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போட்டோவை அங்கேயே விட்டுவிட்டு, காற்றுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்து போனாள்.

அன்று மத்தியானம் ஞானசுந்தரி கொட்டகைக்குள் சாப்பிடப் போகவில்லை. அடுக்களையில் நின்றபடியே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் வந்தால் அவள் எப்போதும் எப்படி எடுப்பாளோ அப்படியே, சோற்றுக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவன்தானோ என்று எடுத்தாள்.

"வணக்கம் மேடம், டயர் கம்பெனி வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுறேன்," என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பின்னால் அதேபோல நிறையக் குரல்கள் கேட்டன. "வாரண்டியில உங்களுக்கு நாலு புது டயர் கொடுத்திருக்கோம். அதப் பத்தி ரெண்டே கேள்வி. பேசலாமா மேடம்?"

"பேசும்மா."

"புது டயர்ல ஏதாவது தேய்மானம் தெரியுதா மேடம்?"

ஞானசுந்தரி ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள். "கொஞ்சங்கூடத் தேயல. மாட்டுன அன்னைக்கு எப்படியிருந்துதோ அப்படியே இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் மேடம். எங்க சேவைக்கு ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எத்தனை கொடுப்பீங்க? அஞ்சுன்னா முழு திருப்தி."

காற்றில் தகரக் கூரை அடித்துக்கொண்டது. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும், எந்த ஊரோ, யார் பெற்றதோ.

"அஞ்சே போட்டுக்கோ தாயி," என்றாள் ஞானசுந்தரி.